அழியாத சத்தி அருகுவது ஏன்?

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



"சத்தியின் வகைகளும் மாற்றங்களும்" என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். பரீட்சைக்குப் படிக்கும் தம்பி தங்கைமாருக்குப் பயன்பட வேண்டும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் அலுப்புத் தட்டக்கூடாது என்று செயலாளர் கட்டளையிட்டிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவன் இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவது எளிதன்று. இயன்ற அளவு சொல்லுகிறேன்.

சத்தி என்ற சொல்லைக் கேட்டதும் இந்த மண்டபத்தில் இருப்போர் பலருக்கு வேறொரு பொருளே மனத்தில் எழும். சிவமும் சத்தியும் பற்றிப் பேசும் மேடையில், மிஷன் பாடசாலையிலே படித்த பையன் எந்தச் சத்தியைப் பற்றிப் பேசப்போகிறான் என்று எவரும் ஐயுற வேண்டாம். பௌதிக நூலார் கூறும் சத்தியைப் பற்றி மட்டுமே பேசுவேன். ஆயினும் இலங்கையில் விஞ்ஞானத்துக்குத் தமிழ்ச் சொற்களை வகுத்தவர்கள் இச்சொல்லைத் தெரிந்தெடுத்தது நன்றே என்பது என் எண்ணம். கண்ணுக்கு நேரே தோன்றாமல், தொழிற்படும்போது மட்டும் தன்னை உணர்த்துவது என்ற அளவில் சொல்லும் பொருளும் பொருந்துகின்றன. அதற்கு மேல் ஒப்புமையை நீட்டுவது இரு துறைக்கும் நன்மை செய்யாது.

விடயத்துக்கு வருவோம். சத்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்ற மட்டுமே முடியும் என்று ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மனனஞ் செய்கிறார்கள். அதே பிள்ளைகளின் வீட்டில், 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியிலே, நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் அவர்களின் தந்தைமார் இரவு பகலாக வரிசையில் நின்றார்கள். அழியாத பொருள் ஒன்று எப்படி இல்லாமற் போகும்? அழியவே மாட்டாது என்றால் அதைச் சிக்கனமாகச் செலவிடு என்று ஏன் சொல்ல வேண்டும்? இது குறும்புக் கேள்வி அன்று. இதற்கு விடை சொல்லத் தெரியாதவன் அந்த விதியை மனனஞ் செய்து பயனில்லை. ஆகவே வகைகளைப் பட்டியலிடுவதைச் சுருக்கி, இந்தக் கேள்வியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

வேலை செய்யும் ஆற்றலே சத்தி. உயரத்தில் இருக்கும் பொருளுக்கு உள்ளது நிலைப்பண்புச் சத்தி. ஓடும் பொருளுக்கு உள்ளது இயக்கப்பண்புச் சத்தி. பெயர்கள் நீளமானவை, நான் நிலைச் சத்தி, இயக்கச் சத்தி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். வெப்பம், ஒளி, ஒலி, மின் ஆகியவை எல்லோரும் அறிந்தவை. விறகிலும் சோற்றிலும் மண்ணெண்ணெயிலும் அடங்கியிருப்பது இரசாயனச் சத்தி. அணுவின் கருவிலே இருப்பது அணுக்கருச் சத்தி. இவற்றை அளப்பதற்கு யூல் என்னும் அலகு வழங்குகிறது. நூறு கிராம் கொண்ட ஒரு மாங்காயை ஒரு மீற்றர் உயரத் தூக்குவதற்கு ஏறக்குறைய ஒரு யூல் வேண்டும். மிகச் சிறிய அலகு. மின்சாரப் பட்டியலில் ஒரு யூனிற் என்று எழுதுகிறார்களே, அது 36 இலட்சம் யூல்.

36 இலட்சம் என்றால் எவ்வளவு என்பதை உணர்வதற்கு நாம் யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணற்றடிக்குப் போக வேண்டும். நீரிறைக்கும் இயந்திரங்கள் வருமுன் இங்கே துலா மிதித்து இறைத்த காலத்தைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். ஒருவரோ இருவரோ துலாவின் மேல் முன்னும் பின்னும் நடப்பார்கள். ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்து ஊற்றுவார். இன்னொருவர் வாய்க்காலிலே தண்ணீர் கட்டுவார். துலா மிதிப்பவர் என்ன செய்கிறார்? உண்ட சோற்றின் இரசாயனச் சத்தியைத் தசைகளிலே செலவிட்டுத் தம் உடலை உயர்த்துகிறார். உயர்ந்த உடலுக்கு நிலைச் சத்தி கிடைக்கிறது. உடல் தாழப் பட்டை உயர்கிறது. உடலின் நிலைச் சத்தி தண்ணீரின் நிலைச் சத்தியாக மாறுகிறது. ஒரு பட்டையில் 30 லீற்றர் தண்ணீர், கிணற்றின் ஆழம் 6 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பட்டைக்கு ஏறக்குறைய 1,800 யூல். விடியற்புறந் தொடங்கி ஆயிரம் பட்டை இறைத்தாலும் தண்ணீருக்குச் சேர்ந்தது 18 இலட்சம் யூல். அதாவது அரை யூனிற்! வியர்வை சொட்டச் சொட்ட இரண்டு நாள் துலா மிதித்தவர்கள் செய்த வேலை இன்று பட்டியலில் ஒரே ஒரு யூனிற்றாக எழுதப்படுகிறது.

வியர்வை என்றேன். அந்த வியர்வையும் கணக்கிலே சேர வேண்டும். மனித உடல் உண்ட உணவின் சத்தியில் நான்கில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்றை மட்டுமே தசைகளின் வேலையாக மாற்ற வல்லது. ஆயிரம் பட்டை இறைப்பதற்கு, மற்றத் தேவைகளை விட்டுவிட்டாலும், அரைக் கிலோ அரிசி அளவான சத்தி செலவாகும். அதில் முக்காற் பங்குக்கு மேல் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை அகற்றத்தான் வியர்க்கிறது. அப்படியானால் ஒரு போத்தல் மண்ணெண்ணெயில் எவ்வளவு இருக்கிறது? ஏறக்குறைய 260 இலட்சம் யூல். சிறிய இயந்திரத்திலே அதிற் பத்தில் ஒன்றே தண்ணீரைச் சேர்ந்தாலும், ஒன்றரை நாள் துலா இறைப்பு அந்த ஒரு போத்தலுக்குள் அடங்கும். துலாக்கால்கள் தோட்டங்களிலிருந்து மறைந்ததற்கு வேறு காரணந் தேட வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கு. 1990 களிலே யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல், மண்ணெண்ணெயும் அருமையாகி இருந்த ஆண்டுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதை இங்கே இருக்கும் அண்ணன்மாரும் மாமாமாரும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சில துளி மண்ணெண்ணெயிலே படித்ததும் அக்காலத்தில்தான். நான் அப்போது பிறக்கவில்லை. சைக்கிள் டைனமோ 6 வோற்றில் 3 வாற்றுத் தரும். அதாவது செக்கனுக்கு 3 யூல். ஒரு யூனிற் மின்சாரம் அதிலிருந்து பெற வேண்டுமானால் 333 மணித்தியாலம் மிதிக்க வேண்டும். அந்தச் செய்தியறிக்கைக்காகப் பத்து நிமிடம் கையால் மிதியைச் சுற்றியவர்களுக்கு 1,800 யூலின் அருமை தெரிந்திருக்கும். ஒரு பட்டைத் தண்ணீரும் அவ்வளவுதான் என்பதை இப்போதுதான் கணக்கிட்டுப் பார்த்தேன்.

இவ்வளவு நேரமும் சோற்றையும் தண்ணீரையும் மின்னையும் எண்ணெயையும் ஒரே அலகால் அளந்தேன். நீங்கள் எவரும் மறுக்கவில்லை. ஆனால் 200 ஆண்டுகளுக்கு முன் இப்படி அளந்திருந்தால் அறிஞர்களே சிரித்திருப்பார்கள். வெப்பம் என்பது பொருளுக்குப் பொருள் ஓடும் ஒருவகை நுண்ணிய பாய்பொருள் என்றே அப்போது பலர் நம்பினர். அது வேலையின் இன்னொரு வடிவம் என்று காட்டியவர்கள் யார்? பெரிய பேராசிரியர்கள் அல்லர். இதை இளைஞர் சங்கத்திலே அழுத்திச் சொல்ல வேண்டும்.

யூலியஸ் றொபேட் மேயர் என்பவர் செருமனியிலே கையில்புறோன் என்னும் ஊரிற் பிறந்த வைத்தியர். 1840 இல் ஒரு டச்சுக் கப்பலின் வைத்தியராக யாவாத் தீவுக்கு வந்தார். நம்மைப் போன்ற வெப்ப நாடு. சுரபாயாத் துறைமுகத்தில் நோயுற்ற மாலுமிகளுக்கு, அக்கால வழக்கப்படி, நாளத்தைக் கீறி இரத்தம் எடுத்தார். நாளத்து இரத்தம் கருஞ்சிவப்பாக இருக்க வேண்டியது. அங்கேயோ பளிச்சென்ற சிவப்பாக இருந்தது. தவறிப்போய் நாடியை வெட்டிவிட்டோமோ என்று திடுக்குற்றாராம். பிறகு சிந்தித்தார்: வெப்ப நாட்டில் உடலைச் சூடாக வைத்திருக்கக் குறைந்த உணவே எரிந்தாற் போதும், ஆகவே ஒட்சிசன் மிச்சமாக நாளத்திலே திரும்புகிறது. சிந்தனை அங்கே நிற்கவில்லை. எரியும் உணவு உடலின் சூட்டையும் தருகிறது, கை கால் செய்யும் வேலையையும் தருகிறது. ஒரே முதலிலிருந்து இரண்டு செலவு என்றால், சூட்டுக்கும் வேலைக்கும் இடையில் மாறாத ஒரு மாற்றுவிகிதம் இருந்தே ஆக வேண்டும். ரூபாய்க்கும் சதத்துக்கும் இருப்பது போல. இரத்தத்தின் நிறத்தைக் கண்டு இவ்வளவு தூரம் போன மனத்தை என்னென்பது!

ஊருக்குத் திரும்பி 1841 இல் எழுதிய கட்டுரையை ஒரு பேர்போன பௌதிக இதழ் வெளியிடவில்லை, மறுமொழியும் இல்லை. 1842 இல் இரசாயன இதழ் ஒன்றிலே வேறொரு கட்டுரை வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 27. எவரும் பொருட்படுத்தவில்லை. பிற்பாடு அக்கருத்து வேறு பெயர்களோடு உலவத் தொடங்கியபோது மனம் உடைந்து 1850 இல் மாடி யன்னலிலிருந்து குதித்தார். உயிர் தப்பினார், சில காலம் மனநோய் மருத்துவமனையில் அடைபட்டிருந்தார். 1871 இல் இலண்டன் அரச கழகம் கொப்லி பதக்கத்தை அவருக்கு வழங்கியது. அதற்கு முந்திய ஆண்டு அதே பதக்கம் பெற்றவர் யேம்ஸ் யூல்.

யூல் இங்கிலாந்திலே மஞ்செஸ்ரரை அடுத்த சல்போட் நகரத்தவர். மதுவடிசாலை ஒன்றின் சொந்தக்காரருடைய மகன். பல்கலைக்கழகத்தில் எந்தப் பதவியும் வகிக்காதவர். மேயர் மனத்தாற் கண்டதை இவர் கையால் அளந்தார். ஒரு செப்புக் கலத்திலே தண்ணீர். அதற்குள் துடுப்புகள் கொண்ட ஒரு தண்டு. தண்டிலே சுற்றிய கயிற்றின் நுனியில் நிறைகள். நிறைகள் கீழே இறங்க, தண்டு சுழலத் துடுப்புகள் தண்ணீரைக் கலக்கும். கலக்கக் கலக்கத் தண்ணீர் சூடாகும். எவ்வளவு சூடு? ஒரு பாகையின் சிறு பின்னம். அந்தப் பின்னத்தை நம்பத்தக்கவாறு அளப்பதே அவருடைய திறமை. 1843 இலே, 24 வயதில், தம் முதல் அளவுகளைக் கோர்க் நகரத்தில் கூடிய விஞ்ஞானிகளுக்குக் கூறினார், வரவேற்பில்லை. 1847 இல் ஒக்ஸ்போட் கூட்டத்தில், சுருக்கமாகச் சொல்லி முடியும் என்று தலைவர் பணித்தார். (நமது தலைவர் அவர்கள் அவ்வாறு செய்யமாட்டார் என்று நம்புகிறேன்.) சபையிலே இருந்த வில்லியம் தொம்சன் என்ற இளைஞர் மட்டும் அதன் ஆழத்தை உணர்ந்தார். அவரே பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர். அதே 1847 இல் 25 வயது நிரம்பிய கெல்ம்ஹோல்ற்ஸ் என்னும் செருமானிய இராணுவ வைத்தியர், இந்தக் காப்பு விதி இயற்கை முழுவதற்கும் பொருந்தும் என்று கணித முறையில் எழுதினார். அவருடைய கட்டுரையையும் அந்தப் பழைய இதழ் திருப்பி அனுப்பிவிட்டது.

இனி நமது நாட்டுக்குத் திரும்பி, ஒரு சொட்டுத் தண்ணீரைப் பின்தொடர்வோம். பொறியியலாளர் விமலசுரேந்திர, மலைநாட்டு அருவிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று 1918 இலேயே வாதிட்டவர். அவர் கண்ட கனவு, லக்சபானவில் 1950 ஆம் ஆண்டிலேதான் நனவாயிற்று. 1953 இல் அவர் மறைந்தார். கண்ணாற் கண்டுவிட்டே மறைந்தார் என்பது ஓர் ஆறுதல். அங்கே கெகெல்கமு ஓயாவின் தண்ணீர் குழாய்களுக்குள் 400 மீற்றருக்கு மேலான உயரத்திலிருந்து இறங்கிப் பெல்ற்றன் சில்லின் கிண்ணங்களிலே மோதுகிறது. நிலைச் சத்தி இயக்கச் சத்தியாகிறது, சில்லு சுழல்கிறது, அதனோடு பிணைந்த மின்பிறப்பாக்கி சுழல, இயக்கச் சத்தி மின்சத்தியாகிறது. ஒரு தொன் தண்ணீர் 400 மீற்றர் இறங்கினால் 39 இலட்சம் யூல். இயந்திரங்களில் நேரும் இழப்பைக் கழித்தால் ஏறக்குறைய ஒரு யூனிற் மின்சாரம். மனத்தில் வைத்துக்கொள்ள எளிதான கணக்கு: லக்சபானவில் ஒரு தொன் தண்ணீர், வீட்டிலே ஒரு யூனிற், கிணற்றடியிலே இரண்டு நாள் துலா மிதிப்பு.

அந்தத் தண்ணீரை மலைமேல் ஏற்றியவர் யார்? ஞாயிறு. இது எல்லோருக்குந் தெரியும். தெரியாதது அந்தத் தொழிலாளி எவ்வளவு ஊதாரி என்பது. ஒரு கிலோ கடல்நீரை ஆவியாக்கச் செலவாகும் வெப்பம் ஏறக்குறைய 24 இலட்சம் யூல். அந்த ஒரு கிலோ 400 மீற்றர் இறங்கும்போது நமக்குக் கிடைப்பதோ 4,000 யூலுக்கும் குறைவு. அறுநூறில் ஒரு பங்கு! மிச்சம் எங்கே போயிற்று? அழியவில்லை. ஆவி மீண்டும் துளியாகும்போது வெப்பமாக வெளிப்பட்டு மேலே உள்ள காற்றைச் சூடாக்குகிறது. முகில்கள் மலைபோல எழுவதும், வங்கக் கடலிலே புயல்கள் வலுப்பெறுவதும் அந்த வெப்பத்தினால்தான். காற்றோட்டத்துக்கும் ஞாயிறே முதல். 2020 ஆம் ஆண்டு டிசெம்பரில் திறக்கப்பட்ட மன்னார்க் காற்றாலைகள் பிடிப்பது அதில் ஒரு துளியை. ஞாயிற்றினுள்ளே ஐதரசன் கருக்கள் சேர்ந்து ஈலியம் ஆகும்போது செக்கனுக்கு 40 இலட்சம் தொன் அளவான திணிவு சத்தியாக வெளிவருகிறது. ஐன்ஸ்ரைன் 1905 இல் காட்டிய வழி அது. அதைப் பற்றித் தனியே ஒரு நாள் பேச வேண்டும். இன்று வேண்டாம்.

இனித்தான் முக்கியமான இடம். அந்த ஒரு தொன் தண்ணீரைக் குழாய்க்குள் விடாமல் சும்மா அருவியாக விழவிட்டால் என்ன ஆகும்? 39 இலட்சம் யூலும் எங்கே போகும்? யூல் இதற்கு விடை சொல்லியிருக்கிறார். கீழே விழுந்து சுழித்துக் கலங்கும் தண்ணீர், அவருடைய கலத்திலே துடுப்பாற் கலங்கிய தண்ணீரைப் போலவே சூடாகும். திருமணமாகிய புதிதிலே பிரான்சு நாட்டு அருவி ஒன்றின் அருகே, கையில் நீண்ட வெப்பமானியோடு அவரைச் சந்தித்ததாகத் தொம்சன் பிற்காலத்திற் சொன்னார். மனைவியார் வண்டியிலே இருந்தாராம். அருவியின் தலைக்கும் அடிக்கும் இடையில் எவ்வளவு வெப்பநிலை வித்தியாசம் என்று பார்க்கப் போனவர். 400 மீற்றர் விழுந்த தண்ணீர், காற்றிலே ஒன்றும் இழக்காவிட்டால், எவ்வளவு சூடாகும்? ஒரு சதமபாகைக்கும் சற்றுக் குறைவு.

ஒரு பாகை! இதை நண்பர்கள் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும். ஒரு தொன் தண்ணீரின் ஒரு பாகைச் சூடும், ஒரு யூனிற்றுக்குச் சற்று மேலான மின்சாரமும் அளவால் ஒன்றே. யூலின் கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒரே தொகை. ஆனால் மின்சாரத்தைக் கொண்டு விளக்கேற்றலாம், நீரிறைக்கலாம், சத்திர சிகிச்சைக் கூடத்தை இயக்கலாம். 24 பாகையிலிருந்து 25 பாகைக்கு வந்த ஒரு தொன் தண்ணீரைக் கொண்டு என்ன செய்யலாம்? கையைக் கூடச் சூடேற்ற முடியாது. தொகை குறையவில்லை, ஆனால் செலவாணி போய்விட்டது. ஒரு பெட்டி நிறையக் காசு இருந்தும் எந்தக் கடையிலும் எடுக்காவிட்டால் அதற்குப் பெயர் செல்வமா?

நான் தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. சத்தி அழிவதில்லை, அழிவது அதன் பயன்படுந்தன்மை. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஒரு பங்கு சுற்றாடலின் சூட்டோடு கலந்து, எங்கும் பரவி, எவருக்கும் உதவாத நிலையை அடைகிறது. வேலையை முழுவதும் வெப்பமாக மாற்றுவது மிக எளிது. சைக்கிள் பிரேக்கைப் பிடித்தாற் போதும். வெப்பத்தை முழுவதும் வேலையாக மாற்றுவதோ எந்த இயந்திரத்தாலும் முடியாது. காரணம், வெப்பம் வேலை செய்வது அது சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்கும்போது மட்டுமே. இறங்கிய வெப்பத்தில் ஒரு பங்கு குளிர்ந்த இடத்தைச் சேர்ந்தே ஆக வேண்டும். இதனைச் சாடி காணோ என்னும் பிரெஞ்சு இளைஞர் 1824 இலே, தமது 28 ஆம் வயதில், காப்பு விதி பிறப்பதற்கு முன்னரே ஒரு சிறு நூலில் விளக்கத் தொடங்கினார். எட்டு ஆண்டுக்குள் கொலெராவுக்குப் பலியாகிவிட்டார். இந்துமாக்கடலில் அடங்கியிருக்கும் வெப்பத்துக்கு அளவே இல்லை. ஆயினும் கடல்நீரின் சூட்டை மட்டும் உறிஞ்சி ஒரு தோணியைக் கூடச் செலுத்த முடியாமல் இருப்பது, அதைவிடக் குளிர்ந்த இடம் ஒன்று அதனருகே இல்லாமையாலே.

நுரைச்சோலை அனல் மின்நிலையம் கடற்கரையில் அமைந்திருப்பதையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். அதன் முதற்பகுதி 2011 இலும், மூன்று பகுதிகளும் சேர்ந்து 900 மெகாவாற்றாக 2014 இலும் இயங்கத் தொடங்கின. எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்களவே மின்சாரமாகிறது. மற்றவை பெரும்பாலும் கடல்நீரைச் சூடாக்குவதிலும் புகைபோக்கி வழியாகவும் போகின்றன. அது பொறியியலாளரின் சோம்பல் அன்று. காணோவின் விதி அறவிடும் வரி அதில் மிகப் பெரும் பங்கு. ஆகவே நிலக்கரியால் எழுந்த மின்சாரத்தைக் கொண்டு குளிப்பதற்கு வெந்நீர் வைப்பவர் என்ன செய்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். மூன்று பங்கு வெப்பத்தை எரித்து, ஒரு பங்கு மின்சாரம் பெற்று, அந்த உயர்ந்த பொருளை மீண்டும் வெறும் வெப்பமாகவே ஆக்குகிறார். பட்டு வேட்டியால் அடுக்களைத் தரையைத் துடைப்பது போல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நமது பாட்டிமார் பனங்கிழங்கைக் கிழித்து வெயிலிலே காயப்போட்டு ஒடியல் ஆக்கினார்கள். தாழ்ந்த வெப்பமே போதுமான வேலைக்குத் தாழ்ந்த வெப்பத்தையே பயன்படுத்தினார்கள். காணோவை அவர்கள் படித்ததில்லை. ஆனாலும் அந்தக் காரியத்தில் நம்மைவிடச் சரியாக இருந்தார்கள்.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய இழை மின்குமிழ் தனக்குக் கிடைத்த மின்சத்தியில் நூற்றுக்கு 5 பங்களவே ஒளியாக்கியது, மிகுதி வெப்பம். அதை விளக்கு என்பதைவிட, சிறிது ஒளியும் தரும் அடுப்பு என்பது பொருந்தும். இப்போது கிடைக்கும் எல்.ஈ.டி. விளக்குகள் நூற்றுக்கு 30, 40 பங்கை ஒளியாக்குகின்றன. அந்த ஒளியும் சுவரிலும் புத்தகத்திலும் உங்கள் சட்டையிலும் பட்டு, உறிஞ்சப்பட்டு, இறுதியில் வெப்பமாகவே முடிகிறது. இந்த மண்டபத்தில் இப்போது நான் எழுப்பும் ஒலியும் அப்படியே. என் பேச்சால் சபையின் சூடு கூடியிருக்குமானால், அது பெரும்பாலும் இங்கே அமர்ந்திருக்கும் உங்கள் உடல்களின் வெப்பத்தாலே அன்றி என் சொல்லாலே அன்று. ஒருவர் சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய 100 வாற்று வெப்பம் வெளியிடுகிறார்.

முடிக்குமுன், தம்பிமார் சிலர் கேட்டதற்கிணங்க ஒரு பரிசோதனையை ஆயத்தஞ் செய்திருக்கிறேன். மேசையிலே இருப்பது ஒரு மீற்றர் நீளமான தடித்த கடதாசிக் குழாய். அதற்குள் ஈயக் குண்டுகள். இரு வாயும் தக்கையால் அடைக்கப்பட்டிருக்கின்றன. குழாயைச் செங்குத்தாகத் தலைகீழாக்கினால் குண்டுகள் ஒரு மீற்றர் விழும். விழுந்த சத்தி வெப்பமாகும். யூலின் துடுப்புக்குப் பதிலாக நமது கை. ஐம்பது முறை தலைகீழாக்கினால், குழாயும் காற்றும் ஒன்றும் எடுத்துக்கொள்ளாவிட்டால், ஈயத்தின் வெப்பநிலை ஏறக்குறைய 4 பாகை உயர வேண்டும். நான் செய்து பார்த்தபோது உயர்ந்தது 3 பாகைக்கும் குறைவு. எஞ்சியது எங்கே போயிருக்கும் என்பதை நீங்களே சொல்ல வேண்டும். குண்டுகளின் கீழ் விளக்கைப் பிடித்து அதே 4 பாகை சூடேற்றினால் அவை தாமாகவே ஒரு மீற்றர் மேலே துள்ளுமா என்றும் சற்று எண்ணிப் பாருங்கள். சத்திக் காப்பு விதி அதைத் தடை செய்யவில்லை. கணக்குச் சரியாகவே இருக்கும். ஆனாலும் எந்த ஈயக் குண்டும் இதுவரை அப்படித் துள்ளியதில்லை.

வெப்பமானி மேசையின் இடப்புறத்தில் இருக்கிறது. முதல் வெப்பநிலையைக் குறித்துக்கொண்ட பின்பே குழாயைத் தூக்க வேண்டும். ஈயம் நஞ்சாகையால், குண்டுகளைத் தொட்டவர்கள் தேநீருக்குப் போகுமுன் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். கேள்விகள் இருந்தால் பெரியவர்கள் முதலில் கேட்கலாம்.